வயல் மனையாகும் வழி

சொந்த ஊர்ப் பக்கம் ஒரு மனையாவது வாங்கிப் போட வேண்டும் என்ற எண்ணம் இல்லாத வெளிமாநிலத் தமிழ்க் குடும்பம் அபூர்வம். தலைநகர் டில்லியில் மூன்று தலைமுறைகளாக வாழ்பவர்கள்கூட, "ரிட்டையர் ஆனதும் ஊரோட போயிடணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அப்படிப் போனவர்கள் சிலர்தான். ஆனால் மனை வாங்கியவர்கள் நிறையப் பேர். கோடை விடுமுறையில் ஊருக்குப் போனால் பேருந்து நிலையத்தில் ஒரு நோட்டீஸ் கைக்கு வரும். மறுநாள் வீட்டு வாசலுக்கே வேன் வரும். கலர் கொடி கட்டிய வளைவு, வெள்ளையடித்த எல்லைக் கற்கள், புளியமரத்தடியில் மதியச் சாப்பாடு. சாயங்காலத்துக்குள் முன்பணம் கை மாறிவிடும்.

நான் மத்திய அரசுத் துறை ஒன்றின் வரைபடப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அதனாலோ என்னவோ, நம் சங்கத்து அன்பர்கள் பலர் தங்கள் நிலப் பத்திரங்களை எடுத்துக்கொண்டு வந்து, "சார், இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்பது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "பஞ்சாயத்து அப்ரூவ்டுன்னு போட்டிருக்கே, அது போதாதா?"

போதாது. ஏன் போதாது என்பதை விளக்கவே இக்கட்டுரை. கூடவே இன்னொரு விஷயத்தையும் சொல்ல விரும்புகிறேன். ஒரு கிராமத்து வயல் மனைப்பிரிவாக மாறும்போது அதைப் பற்றிப் பல இடங்களில் முடிவெடுக்கிறார்கள். அந்த இடங்கள் எதிலும் நாம் இருப்பதில்லை. ஆனால் விற்பவர் பக்கத்திலும் வாங்குபவர் பக்கத்திலும் நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்களின் கையெழுத்தும் பணமும் இருக்கின்றன. அந்தப் பொறுப்பு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நிலத்தின் ஜாதகம்

பெண் எடுப்பதற்கு முன் ஜாதகம் பார்க்கிறோம். நிலத்துக்கும் ஜாதகம் உண்டு. கிராமத்து நிலம் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. பாசன நீர் பாயும் நிலம் நஞ்சை. மழையையோ கிணற்றையோ நம்பியது புஞ்சை. ஆதிகாலம் தொட்டு ஊரார் குடியிருக்க ஒதுக்கப்பட்டது நத்தம். ஏரி, குளம், வாய்க்கால், களம், மந்தைவெளி, மேய்ச்சல் நிலம், சுடுகாடு ஆகியவை புறம்போக்கு. இவை யாருடைய சொந்தச் சொத்தும் அல்ல, ஊருக்குப் பொது.

யார் பெயரில் நிலம் இருக்கிறது என்பதைப் பட்டாவும் சிட்டாவும் சொல்லும். என்ன பயிர் வைத்தார்கள் என்பதை அடங்கல் சொல்லும். அந்தச் சர்வே எண்ணின் வகைப்பாடு என்ன என்பது அ-பதிவேட்டில் இருக்கும். நிலத்தின் வடிவமும் நான்கு பக்க அளவுகளும் அதன் ஊடே போகும் வாய்க்காலும் பாதையும் புலப்படத்தில் வரையப்பட்டிருக்கும். என் அனுபவத்தில் மனை வாங்குவோர் பட்டாவைப் பார்க்கிறார்கள், வில்லங்கச் சான்றிதழைப் பார்க்கிறார்கள். புலப்படத்தைப் பார்ப்பவர் மிகக் குறைவு. நிலத்தைப் பற்றி விற்பவர் சொல்லாமல் விடக்கூடிய பல செய்திகள் அந்த ஒற்றைத் தாளில்தான் இருக்கும்.

அனுமதி எங்கெங்கே போய் வருகிறது?

தமிழ்நாட்டில் நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை ஒழுங்கு செய்யும் மூலச் சட்டம், 1971 ஆம் ஆண்டின் நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம். நகரங்களையும் அவற்றைச் சுற்றியுள்ள கிராமங்களையும் திட்டப் பகுதி என்று அறிவித்து, எது குடியிருப்பு, எது விவசாயம், எது தொழிற்சாலை என்று முழுமைத் திட்டம் வரைவார்கள். சென்னைப் பக்கத்தில் இது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் வேலை. அந்தக் குழுமத்தின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 இல் அது 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. மற்ற மாவட்டங்களில் நகர் மற்றும் ஊரமைப்பு இயக்ககம், அதாவது எல்லோரும் டி.டி.சி.பி. என்று சொல்கிற அலுவலகம், இதைக் கவனிக்கிறது.

எந்தத் திட்டப் பகுதியிலும் சேராத கிராமங்கள் ஏராளம். அங்கே என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று அர்த்தமல்ல. விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற உள்ளாட்சி அனுமதிப்பதற்கு முன் நகர் ஊரமைப்பு இயக்குநரின் இசைவைப் பெற வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இதற்கான தனி விதிகள் 2017 இல் வந்தன. வேளாண்மைத் துறையின் கருத்தும் கேட்கப்படும். நஞ்சையாக இருந்தால் கேள்விகள் இன்னும் அதிகம்.

ஒரு மனைப்பிரிவின் பாதையைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். நிலத்தை மேம்படுத்துகிறவர் வரைபடத்தோடு விண்ணப்பிக்கிறார். வருவாய்த் துறை உரிமையையும் எல்லையையும் பார்க்கிறது. பக்கத்தில் ஏரியோ வாய்க்காலோ இருந்தால் நீர்வளத் துறை வெள்ள அபாயத்தைப் பார்த்துத் தடையின்மைச் சான்று தருகிறது, அல்லது மறுக்கிறது. நகர் ஊரமைப்பு அலுவலகம் சாலை அகலம், மனை அளவு, திறந்தவெளி எல்லாவற்றையும் சரிபார்த்துத் தொழில்நுட்ப ஒப்புதல் தருகிறது. சாலைகளையும் பூங்கா இடத்தையும் ஊராட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் உள்ளாட்சியின் இறுதி அனுமதி. அப்புறம் ரெரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு. அதற்குப் பின்னால்தான் விளம்பரமும் விற்பனையும்.

இந்த வரிசையைக் கவனித்துப் பாருங்கள். ஊராட்சி முத்திரை இதில் உண்டு. ஆனால் அது கடைசிப் பகுதியில் வருவது. முன்னால் உள்ள படிகள் இல்லாமல் அந்த முத்திரை மட்டும் தனியாக வந்தால், அடித்தளம் போடாமல் கிருகப்பிரவேசம் செய்த மாதிரிதான்.

பத்தில் ஒரு பங்கு

மேம்படுத்துபவர்கள் ஏன் இந்தப் பாதையைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள்? லஞ்சம், தாமதம் என்று பல காரணங்கள் சொல்வார்கள். அவற்றிலும் உண்மை இருக்கலாம். ஆனால் காகிதத்தில் கணக்குப் போட்டால் தெரியும் காரணம் வேறு.

தமிழ்நாட்டு விதிகளின்படி 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக மீதிப் பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். இதைத்தான் ஓ.எஸ்.ஆர். என்பார்கள். 3,000 சதுர மீட்டர் என்பது முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. 10,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர் வரை, இடத்துக்குப் பதில் அதன் மதிப்பைப் பணமாகச் செலுத்த வழி உண்டு. அதற்கு மேல் போனால் நிலமாகவே கொடுத்தாக வேண்டும். இந்த ஏற்பாடு செல்லாது என்று வழக்குப் போட்டவர்களும் உண்டு. சென்னைப் பெருநகர் விதிகள் தொடர்பான அந்த வழக்கில் 2023 இல் உச்ச நீதிமன்றம் ஒதுக்கீடு செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 ஏக்கர் வயல் என்றால் 2,17,800 சதுர அடி. சாலைகளுக்கு 60,000 சதுர அடி போனதாக வைத்துக்கொள்வோம். மீதி 1,57,800. அதில் பத்தில் ஒன்று 15,780 சதுர அடி, சுமார் 36 சென்ட். சதுர அடி 500 ரூபாய் என்று விலை வைத்தால், அந்த இடத்தின் மதிப்பு மட்டும் 78 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய். அனுமதி வாங்காதவர் அதையும் மனையாக்கி விற்கலாம். சாலையை ஒடுக்கினால் இன்னும் சில மனைகள் தேறும். சிலர் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் ஒதுக்கீட்டு வரம்புக்குக் கீழே இருக்கிறாற்போல் காட்டுவதும் உண்டு.

விலை குறைவாக இருக்கிறதே என்று நாம் மகிழ்கிறோம். அந்தக் குறைந்த விலையில் நமக்குக் கிடைக்காமல் போனவை பூங்கா, வடிகால், ஆம்புலன்ஸ் திரும்பும் அளவுக்கு ஒரு சாலை. ஊருக்குக் கிடைக்காமல் போனது 36 சென்ட் பொது நிலம். பத்து வருஷம் கழித்து அங்கன்வாடி கட்டவோ மேல்நிலைத் தொட்டி வைக்கவோ ஊராட்சி இடம் தேடும்போதுதான் அந்த நஷ்டம் தெரியவரும்.

2016 இல் நடந்தது

'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்ற சொல் எப்படி வந்தது? தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 இன்படி ஊராட்சித் தலைவரே ஊராட்சியின் நிர்வாக அதிகாரியுமாவார். கிராமத்தில் வீடு கட்ட அனுமதி வாங்க அவரிடம்தான் போனார்கள். அந்தப் பழக்கத்தையே நீட்டி, மனைப்பிரிவு வரைபடத்திலும் ஒரு முத்திரையும் கையெழுத்தும் வாங்கி, 'அங்கீகாரம் பெற்றது' என்று விற்றார்கள். நகர் ஊரமைப்பு ஒப்புதல் இல்லாத அந்தக் கையெழுத்துக்கு மனைப்பிரிவு அங்கீகாரம் என்ற மதிப்பு கிடையாது. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகிக்கொண்டே இருந்தது. பதிவானால் எல்லாம் சரி என்று ஜனங்கள் நம்பினார்கள். இரண்டும் வேறு வேறு. பதிவு என்பது கைமாறியதற்குச் சாட்சி. அந்த நிலத்தில் வீடு கட்டலாமா என்பது தனிக் கேள்வி.

வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் தொடுத்த பொதுநல வழக்கில், 2016 செப்டம்பர் 9 ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உத்தரவிட்டது. பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்திருந்த 22-அ பிரிவும் அதே ஆண்டு அக்டோபர் 20 இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு முழுவதும் மனைப் பத்திரப் பதிவு முடங்கியது. அந்தச் சமயம் மயூர் விஹாரில் ஒரு நண்பர், பெண் கல்யாணத்துக்காக ஊர் மனையை விற்க ஏற்பாடு செய்திருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் முழுப் பணம் கொடுத்து, முறைப்படி பதிவு செய்து வாங்கிய மனை. வாங்க ஆள் இருந்தும் பதிவு நடக்கவில்லை. "நான் என்ன சார் தப்பு பண்ணினேன்? கவர்ன்மெண்டே ஸ்டாம்ப் டூட்டி வாங்கிட்டுத்தானே பதிஞ்சு கொடுத்தது?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைசியில் கடன் வாங்கித்தான் கல்யாணம் நடந்தது.

2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளை வெளியிட்டது. 2016 அக்டோபர் 20 க்கு முன் பதிவான மனைகளைக் கட்டணம் செலுத்தி முறைப்படுத்திக்கொள்ளலாம் என்று வழி திறந்தது. அதற்கான காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. வரன்முறைக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் மனை வாங்கியவர் தலையில்தான் பெரும்பாலும் விழுந்தன. நீர்நிலையிலோ புறம்போக்கிலோ அமைந்த மனைகளுக்கு அந்த வழியும் கிடையாது.

இங்கே ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை. 2019 டிசம்பரில்தான் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. ஆக, எந்த மனைப்பிரிவை முறைப்படுத்தலாம் என்று முடிவான அந்த மூன்று ஆண்டுகளில், கிராமங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. தனி அலுவலர்கள்தான் பொறுப்பில் இருந்தார்கள். 2019 இல் வந்தவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும் மீண்டும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றார்கள்.

தலைநகரிலும் இதே கதைதான்

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ண வேண்டாம். நாம் வாழும் டில்லியிலேயே, யமுனைக்கு அப்பாலும் தெற்கு ஓரங்களிலும் கிராமத்து வயல்கள்தான் வெட்டி விற்கப்பட்டுக் காலனிகளாயின. அங்கே பதிவுப் பத்திரம்கூடக் கிடையாது. பவர் பத்திரத்திலேயே வீடுகள் கை மாறின. பவர் பத்திரம் மட்டும் உரிமையை மாற்றித் தராது என்று 2011 இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. பிறகு 2019 இல் தனிச் சட்டம் கொண்டுவந்து, 1,731 அங்கீகாரமற்ற காலனிவாசிகளுக்கு உரிமை வழங்க வழி செய்தார்கள். மகாராஷ்டிரத்தில் இதைக் குண்டேவாரி என்பார்கள். அதை முறைப்படுத்த 2001 இல் ஒரு சட்டம் வந்தது. பெங்களூருவில் 'ரெவின்யூ சைட்', 'பி காத்தா' என்ற சொற்களைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது.

எல்லா இடத்திலும் ஒழுங்கு ஒன்றுபோலவே இருக்கிறது. முதலில் வயல் விற்கும். பிறகு வீடு வரும். சாக்கடையும் தண்ணீரும் கேட்டு மனு போகும். கடைசியில் முறைப்படுத்தும் சட்டம் வரும். முதலிலேயே யோசித்திருந்தால் சாலைக்கும் வாய்க்காலுக்கும் கிடைத்திருக்கக்கூடிய இடம், அதற்குள் சுவராகி நிற்கும். சட்டத்தால் உரிமை தர முடிகிறது. போன இடத்தைத் திருப்பித் தர முடிவதில்லை.

கிராம சபையில் யார் பேசுவது?

1993 இல் நடைமுறைக்கு வந்த 73 ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபையை அரசியல் சட்ட அமைப்பாக்கியது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் அதன் உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாட்கள் கூடிவந்தது. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்தன. மனைப்பிரிவுக்குக் கிராம சபையின் சம்மதம் கட்டாயம் என்று மாநிலச் சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் அங்கே எழுப்பப்படும் கேள்வியும் நிறைவேறும் தீர்மானமும் காகிதத்தில் ஏறுகின்றன. காகிதத்தில் ஏறியதை அலுவலகங்கள் அவ்வளவு சுலபமாகப் புறக்கணிக்க முடியாது.

இதை நான் நேரில் கண்டேன். காவிரிப் பாசனத்தில் உள்ள எங்கள் ஊரில், சுமார் ஐந்து ஏக்கர் நஞ்சை சில ஆண்டுகளாகத் தரிசாகக் கிடந்தது. பட்டாதாரர்களான அண்ணன் தம்பிகள் மூவரும் மும்பையிலும் டில்லியிலும் இருப்பவர்கள், எனக்கு உறவுமுறை. சாகுபடி செய்ய ஆள் இல்லை, வருமானமும் இல்லை. மனைப்பிரிவு போட ஒருவர் முன்வந்ததும் பவர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

2023 ஆகஸ்ட் 15 கிராம சபையின்போது நான் ஊரில் இருந்தேன். என் ஓட்டு டில்லியில் இருப்பதால் பேச உரிமையில்லை, ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மனைப்பிரிவின் வரைபட நகல் ஒன்று கையில் சுற்றி வந்தது. கீழ்ப்பக்கத்து வயல்காரர் ஒருவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்தார். "எங்க வாய்க்காலை இந்தப் படத்துல காணோமே" என்றார். தூர்ந்துபோன ஒரு கன்னி வாய்க்கால் அந்த நிலத்தின் ஊடே போகிறது. வரைபடத்தில் அது பாதை என்று போட்டிருந்தது. கூட்டத்தில் சலசலப்பு. கிராம நிர்வாக அலுவலர் புலப்படத்தை எடுத்துப் பார்த்தார். வாய்க்கால் அதில் தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே அந்த நீரை நம்பி முப்பது ஏக்கர் இருக்கிறது.

வாய்க்காலை அப்படியே விட வேண்டும் என்று தீர்மானம் எழுதப்பட்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனது. அதிகாரிகள் வந்து இடத்தைப் பார்த்தார்கள். சில மாதங்களில் வரைபடம் திருத்தப்பட்டது. வாய்க்காலுக்கு இடம் விட்டு, சாலை குறுக்கிடும் இடங்களில் சிறு பாலங்கள், திறந்தவெளி ஒதுக்கீடு வாய்க்காலை ஒட்டி. ஒன்பது மனைகள் குறைந்தன. அண்ணன் தம்பிகளுக்கு வர வேண்டிய தொகையும் குறைந்தது. அவர்களில் ஒருவர் இன்றும் என்னிடம் சுமுகமாகப் பேசுவதில்லை. நான்தான் தூண்டிவிட்டேன் என்று அவருக்கு எண்ணம்.

கூட்டம் முடிந்து வரும்போது அந்த வயல்காரர் என்னிடம் சொன்னார்: "அண்ணே, மனை வாங்குறவங்க வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போவாங்க. எங்களுக்கு மேட்டூர் திறந்தா தண்ணி வந்தாகணும்." அவர் மனைப்பிரிவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் மகனுக்கே நத்தத்தில் வீடு கட்ட இடமில்லை. பழைய வீட்டைத் தடுத்து இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. ஊருக்கு வீடும் வேண்டும், நீரும் வேண்டும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் பொருத்திப் பார்ப்பதற்காகத்தான் இத்தனை அலுவலகங்களும் விதிகளும்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே நீக்க வேண்டும். 2020 இல் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் வந்ததால், அங்கே வயலை மனையாக்கவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சட்டம் தடை செய்வது ஹைட்ரோகார்பன் எடுப்பு, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்ற தொழில்களை. வீட்டு மனைப்பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே டெல்டாவின் வயலைக் காப்பதோ இழப்பதோ இப்படிப்பட்ட சிறு சிறு அனுமதிகளில்தான் தீர்மானமாகிறது.

இங்கிருந்தபடியே செய்யக்கூடியவை

நாம் ஊரில் இல்லை, ஓட்டும் இல்லை. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

மனை வாங்குவோர் முன்பணம் கொடுப்பதற்கு முன் சர்வே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாடு அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை இங்கிருந்தே பார்க்கலாம். புறம்போக்கு நிலமா என்று சரிபார்க்கவும் அதில் வசதி உண்டு. வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் எடுக்கலாம். புலப்படத்தையும் விற்பனை வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் உள்ள கோடு மற்றொன்றில் காணாமல் போயிருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

இரண்டாவது, அனுமதி எண். நகர் ஊரமைப்பு அல்லது பெருநகர் குழும ஒப்புதல் எண்ணையும், ரெரா பதிவு எண்ணையும் தனித்தனியே கேளுங்கள். நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க அந்தச் சட்டம் இடம் தரவில்லை. நில உரிமையில் பின்னாளில் குறை தெரிந்தால் நஷ்ட ஈடு கோரலாம். அதற்குக் காலவரம்பு ஒரு தடையாகாது.

மூன்றாவது, தானப் பத்திரம். பூங்காவும் சாலையும் ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டனவா என்று அதன் பதிவு எண்ணோடு கேளுங்கள். "அதெல்லாம் பண்ணிடுவோம் சார்" என்பது பதில் அல்ல.

நிலத்தை விற்போருக்கும் ஒரு வார்த்தை. பவர் எழுதிக் கொடுத்துவிட்டால் நம் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பட்டா நம் பெயரில் இருக்கும்வரை அந்த வரைபடம் நம் பெயரில்தான் அலுவலகத்துக்குப் போகிறது. என்ன வரைந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அண்டை வயல்காரரின் நீர் வழியும் வண்டிப் பாதையும் விடப்பட்டிருக்கின்றனவா என்று கேட்பது, தலைமுறைகளாக அவர்களோடு வரப்பைப் பகிர்ந்தவர்களின் கடமை.

எந்தத் தகவலும் கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில், டில்லியிலிருந்தே தபாலில் விண்ணப்பிக்கலாம். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அனுமதிக் கடிதம், ஒப்புதல் பெற்ற வரைபடம், தானப் பத்திரம், கிராம சபைத் தீர்மானம் ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு எழுதுங்கள். ஒரு கடிதம் பல லட்சங்களைக் காப்பாற்றிய உதாரணங்கள் நம் சங்கத்திலேயே உண்டு.

ஊரில் இடம் வாங்குகிறவர் அந்த ஊரின் நீருக்கும் பாதைக்கும் பங்காளியாகிறார். அந்த மனைக்கு முன்னால் அங்கே ஒரு வயல் இருந்தது. அதைச் சுற்றி இன்னும் வயல்கள் இருக்கின்றன. சர்வே எண்ணைத் தட்டிப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. நம் சங்கத்தில் யாருக்காவது அந்தத் தாள்களைப் படிப்பதில் சந்தேகம் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத்தில் என்னைப் பார்க்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பு வாருங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.